குழலில் இருக்கும் முத்திரை

ஜிம் கார்பெட்டுக்குச் சிறுவயதில் வாய்த்த இரட்டைக்குழல் துப்பாக்கியை, ‘ஜங்கிள் லோர்’ (1953) வாசித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மருந்து கெட்டித்துச் சுடுவது. வலக்குழல் பிளந்துபோனது. உடைந்த கட்டையைப் பித்தளைக் கம்பி சுற்றிப் பிணைத்திருந்தார்கள். நாம் அந்த இடத்தைப் புன்னகையோடு கடந்துவிடுகிறோம். அளவு மீறி மருந்திட்டதால் பிளந்த குழல் அது என்பதும், துப்பாக்கி கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கும் பொருள் என்பதும் நினைவுக்கு வந்தால் புன்னகை நிலைக்காது.

இங்கிலாந்து இந்த அச்சத்தை வெகுகாலம் முன்பே சட்டமாக்கிக்கொண்டது. இலண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கத்துக்கு 1637-இல் அரச சாசனம் கிடைத்தது. 1813-இல் பர்மிங்ஹாமிலும் ஒரு சோதனைக்கூடம் எழுந்தது. வழக்கத்தைவிடக் கடுமையான வெடியைச் செலுத்திப் பார்த்து, தாங்கிய குழலுக்கு மட்டும் முத்திரை குத்துவார்கள். முத்திரையில்லாத துப்பாக்கியை விற்பது அங்கே குற்றம். ஆனால் முத்திரை இரும்புக்குச் சொல்லும் சாட்சி. பின்னாளில் அதைச் செப்பனிட்ட கையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. காவல்துறைப் பதிவும் அப்படியே. தொழில் நடத்த அனுமதி உண்டு என்பதற்கு மேல் அது எதையும் உறுதி செய்வதில்லை.

அப்படியானால் யாரை நம்புவது? எந்த வேலையை ஏற்க மறுக்கிறார் என்பதைக் கவனித்தால் போதும் என்பது நம் கட்சி. பழைய இரட்டைக்குழலைக் கருமையாகப் பளபளக்கச் செய்து தரும்படி கேட்டுப் பாருங்கள். இரு குழல்களையும் சேர்த்து வைத்திருப்பது பெரும்பாலும் ஈயம் கலந்த பற்றாசு. இக்காலத்துக் கொதிக்கும் கார உப்புத் தொட்டியில் முக்கினால் அது அரிக்கப்பட்டுவிடும். குழல்களுக்கிடையே புகுந்த உப்பு உள்ளிருந்தே துருவை வளர்க்கும். அறிந்தவர், மெதுவாகத் துருவேற்றித் தேய்க்கும் பழைய முறைதான் இதற்கு ஆகும், நாளாகும் என்பார். நாளைக்கே தருகிறேன் என்பவரிடம் வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். குழலுக்குள் துருக்குழி இருந்தாலும் நல்லவர் முதலில் சுவரின் கனத்தை அளந்து, அளவை நமக்குக் காட்டிவிட்டே தேய்க்கத் தொடங்குவார்.

வேலை கெட்டுவிட்டால் முதற்காரியம், அதைக் கொண்டு சுடாதிருப்பது. கோபத்தில் உடனே இன்னொருவரிடம் கொடுப்பது பிழை, சாட்சியம் அழிந்துவிடும். படமெடுத்துக்கொண்டு, குறையை எழுத்தில் தெரிவித்து, செய்தவருக்கே திருத்த ஒரு வாய்ப்பளிக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் நுகர்வோர் சட்டம் மறுபடி செய்து தரும்படி கேட்கவும், அது நடவாதபோது கட்டணத்தைக் குறைக்கக் கோரவும் உரிமை தருகிறது.

குழலைச் சுரண்டி மெலிதாக்கிவிட்டார் என்ற ஐயம் இருந்தால் மறுபடி சோதனைக்கூடத்துக்குத்தான் அனுப்பவேண்டும். அங்கே தோற்றால் பாட்டனார் காலத்துத் துப்பாக்கி பாழ். இந்தப் பயத்தில்தான் சிலர் வாய்மூடி, கிடைத்த விலைக்குத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். அவர்கள்மீது நமக்கு இரக்கம் எழவில்லை. வாங்குகிறவனுக்கும் கன்னம் உண்டு.