அமுதசுரபி தந்த தீவுக்கு ஓர் ஊர்தி இல்லையா?

கச்சி மாநகர் ஒருகால் பட்டினியில் கிடந்தது. மழை பொய்த்தது, வளம் தீர்ந்தது, மக்கள் பசிப்பிணியால் மடிந்தனர். அந்நாளில் அவ்வூரின் துயர் துடைக்க வந்தவள் மணிமேகலை. அவள் வந்த வழி வான்வழி. அவள் கையில் ஏந்தியிருந்த கலம் அமுதசுரபி. அக்கலம் அவளுக்குக் கிடைத்த இடம் மணிபல்லவம் என்னும் தீவு. யாழ்ப்பாணத்தை அடுத்துள்ள நயினாதீவே அம்மணிபல்லவம் என்பது அறிஞர் பலர் கொள்கை.

இது சாத்தனார் புனைவு என்று சிலர் நகைக்கலாம். நகைக்கட்டும். புனைவேயாயினும் அதனுள் ஒரு கடன் கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. தீவில் கிடைத்த கலம், வானில் வந்து, காஞ்சியின் உயிரைக் காத்தது. வாங்கியது காஞ்சி; கொடுத்தது தீவு. இன்று அத்தீவுக் கூட்டத்தில் ஒரு தாய் குருதிப் பெருக்கெடுத்துக் கிடந்தால் அவளை ஏற்றிவர வானில் ஊர்தி உண்டா? இவ்வினாவை எழுப்பாத வாய்க்கு மணிமேகலைப் பெருமை பேச என்ன உரிமை?

காஞ்சிப் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் அமர்ந்திருக்கும் ஒரு நெசவாளிக்கு நெஞ்சடைப்பு வருகிறது என்று கொள்க. வீட்டார் 108 என்னும் எண்ணை அழைக்கின்றனர். நோயாளர் வண்டி வாயிலில் வந்து நிற்கிறது. 2008-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய ஏற்பாடு அது. ஊர் அரசு மருத்துவமனையில் முடியாதெனில் செங்கற்பட்டு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இருபது கல்லுக்குச் சற்று மேற்பட்ட தொலைவு. குறைகள் உண்டு, எனினும் வழி உண்டு.

இனி நெடுந்தீவைக் காண்க. யாழ்ப்பாணத்தின் மேற்கே பரந்து கிடக்கும் தீவுகளுள் வேலணையும் புங்குடுதீவும் காரைநகரும் கடல்வழிச் சாலைகளால் தரையோடு இணைக்கப்பட்டுவிட்டன. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு ஆகிய நான்கும் இன்றும் படகையே நம்பியிருக்கின்றன. அவற்றுள் தொலைவில் கிடப்பது நெடுந்தீவு. பவளக்கல் வேலிகளும் காட்டுக்குதிரைகளும் நிறைந்த அத்தீவில் நான்காயிரம் பேரளவில் தமிழர் வாழ்கின்றனர். மருத்துவமனை ஒன்று உண்டு. பெரிய அறுவைக்கு யாழ்ப்பாணம் செல்லவேண்டும். குறிகட்டுவான் துறைக்குப் படகில் ஒரு மணி நேரம். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு இருபது கல்லுக்கு மேல் தரைவழி. படகு அணியமாக நின்றால், கடல் அமைதியாக இருந்தால் இது கணக்கு. வாடைக்காற்றுப் பருவத்தில் இக்கணக்கும் பொய்க்கும்.

மகப்பேற்றுக்குப் பின் நிற்காத குருதிப்போக்கு, நலமாயிருந்த ஒரு பெண்ணின் உயிரை இரண்டு மணி நேரத்திலேயே பறித்துவிடக்கூடும் என்பது மருத்துவர் அறிந்த செய்தி. படகும் தரையும் சேர்ந்து விழுங்கும் நேரமும் ஏறத்தாழ அதுவே. அத்தீவில் பிள்ளை பெறுபவள் தன் உயிரைக் கடலோடு பந்தயம் வைக்கிறாள்.

"வான்படை உதவுகிறதே!" என்பர் சிலர். உண்மை. கடல் கொந்தளித்த நாள்களில் இலங்கை வான்படையின் உலங்கூர்தி நெடுந்தீவு நோயாளரை ஏற்றி வந்ததுண்டு. மற்ற நாள்களில் கடற்படைப் படகுகள் வந்ததும் உண்டு. ஓர் உயிரைக் காத்த கை எவர் கையாயினும் அதற்கு நன்றி கூறுவதே தமிழர் பண்பு. ஆனால், நன்றி வேறு, உரிமை வேறு. படையின் ஊர்தி படையின் பணிக்கு உரியது. அது ஓய்ந்திருந்தால் வரும். மேலிடம் இசைந்தால் வரும். அருளாக வருவது நாளை வாராமலும் போகலாம்.

நெடுந்தீவார்க்கு இன்னொரு நினைவும் உண்டு. 1985-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள் குமுதினி என்னும் படகில் குறிகட்டுவான் நோக்கிச் சென்றவர்கள் நடுக்கடலில் மறிக்கப்பட்டு வெட்டப்பட்டனர். இருபதின்மருக்கு மேல் மாண்டனர். வெட்டியவர் கடற்படையினரே என்று உயிர்தப்பியோர் உரைத்தனர். அக்கடலைக் கடக்கப் படையின் கையையே எந்நாளும் எதிர்பார்த்திருங்கள் என்று அம்மக்களிடம் கூறுவது அறமாகுமா? நோயாளரைச் சுமக்கும் ஊர்தி நலத்துறையின் ஊர்தியாக, மக்களின் ஊர்தியாக இருத்தல் வேண்டும்.

"நான்காயிரம் பேருக்கு வானூர்தியா? செலவு தாங்குமா?" என்பது அடுத்த வினா. இவ்வினாவைக் காஞ்சி மண்ணில் நின்று கேட்பது நகைப்புக்கு உரியது. காஞ்சி ஈன்ற அறிஞர் அண்ணா நோயுற்றபோது 1968-இல் அவரை நியூயார்க்கு வரை வானூர்தி கொண்டு சென்றது. 1984-இல் ம.கோ.இரா. நோயுற்றபோது மருத்துவமனைபோலவே அணியம் செய்யப்பட்ட தனி வானூர்தி அவரைப் புரூக்ளினுக்குச் சுமந்தது. அவை தகும், அவ்வுயிர்கள் அரியவை. நெடுந்தீவு மீனவன் மனைவியின் உயிர் மட்டும் எந்தத் தராசில் இளைத்துப் போயிற்று? குடமுழுக்குக்குப் பூத்தூவ உலங்கூர்தி பறக்கிறது. தேர்தல் வந்தால் தலைவர்கள் ஊருக்கு ஊர் அதில் இறங்குகின்றனர். அப்போதெல்லாம் உறங்கும் செலவுக் கணக்கு, ஏழை நோயாளி கைநீட்டும்போது மட்டும் விழித்துக்கொள்வது ஏன்?

பிற நாடுகள் இதை என்றோ செய்துவிட்டன. ஆத்திரேலியாவின் ஆளரவமற்ற உள்நாட்டுக்குப் பறக்கும் மருத்துவர் பணி 1928-இல் குளோன்கரியில் தொடங்கிற்று. இசுக்காட்லாந்தில் 1933 மே 14-ஆம் நாள், ஐலா என்னும் தீவின் மீனவர் ஒருவர் கடும் வயிற்றுநோயோடு வான்வழியே கிளாசுகோ கொண்டுவரப்பட்டார். தொலைத்தீவினர்க்கான அப்பணி இன்று அங்கே அரசின் பொது மருத்துவப் பணியின் ஒரு கூறு; நோயாளி காசு தருவதில்லை.

ஊர்தி மட்டும் போதாது என்பதற்கு இலக்கத்தீவு சான்று. பத்துத் தீவுகளில் 64,000-க்கு மேற்பட்டோர் வாழும் அங்கே நோயாளரை ஏற்ற உலங்கூர்தி உண்டு. ஆயினும் 2021 மே திங்களில், தொலைத்தீவு நோயாளரை வான்வழி அனுப்ப நால்வர் குழுவின் இசைவு வேண்டும் என்ற ஆணை பிறந்தது. தீவினர் கொதித்தனர், வழக்குக் கேரள உயர்முறை மன்றம் வரை சென்றது. நாடிபிடித்துப் பார்க்கும் மருத்துவர் ஒரு தீவில். முடிவெடுக்கும் நால்வர் மற்றொரு தீவில்! தொலைவுகளுள் கொடியது கடலின் தொலைவன்று, ஆட்சியின் தொலைவே.

ஆகவே வேண்டுவன மூன்று. தீவுகளுக்கான மருத்துவ வானூர்தி படையின் கீழன்றி நலத்துறையின் கீழ் இயங்கவேண்டும். அதனை அழைக்கும் உரிமை தீவு மருத்துவரின் கையிலேயே இருக்கவேண்டும். நோயாளியிடம் ஒரு காசும் பெறலாகாது.

இதற்குக் காஞ்சித் தமிழன் என்ன செய்வான்? இலங்கையில் 1990 என்னும் எண்ணில் ஓடும் இலவச நோயாளர் வண்டிகள் இந்திய அரசின் கொடையால் 2016-இல் தொடங்கப்பட்டு, 2018-இல் வடக்குக்கும் வந்தவை. வண்டி கடற்கரையில் நின்றுவிடுகிறது. அக்கொடையை வானுக்கும் நீட்டுக என்று தில்லியை வற்புறுத்தத் தமிழ்நாட்டால் முடியும். 2022-இல் இலங்கை பசியில் வாடியபோது அரிசியும் பால்மாவும் மருந்தும் அனுப்பியது தமிழ்நாட்டு அரசு. அன்று கப்பல் அனுப்பிய கை இன்று ஓலையேனும் எழுதலாகாதா?

1974-இல் பறிகொடுத்த கச்சத்தீவுக்காகத் தமிழ்நாட்டு மேடைகள் இன்றும் முழங்குகின்றன, முழங்கட்டும். அது ஆளில்லாத் தீவு. அது அடங்கியிருக்கும் ஆட்சிப் பிரிவின் பெயரே நெடுந்தீவு; அங்கே ஆள் இருக்கிறார்கள். மண்ணுக்காக எழும் குரலில் பாதியேனும் அம்மண்ணின் மக்களுக்காக எழவேண்டாவா?

காஞ்சித் தறியில் சேலையின் உடல் ஒரு நாடாவிலும் கரை வேறு நாடாவிலும் ஓடும். இரண்டையும் இழைக்கு இழை பூட்டும் கோர்வையே காஞ்சிப் பட்டின் உயிர். கோர்வை விட்டால் கரை கழன்று போகும், எஞ்சுவது கிழிசலே. தமிழினத்தின் கரை நெடுந்தீவில் இருக்கிறது. நெய்தறிந்த ஊர் அதனை நழுவவிடலாமா?