குடிபுகுந்த வீட்டுக்குத் தற்காலிகக் கட்டணமா?

முப்பத்து நான்கு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவன். அதனால் ஒரு கணக்கோடு ஆரம்பிக்கிறேன்.

வீட்டு இணைப்பில் இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் ஓடினால், முதல் 100 இலவசம். மீதிக்கு 250 ரூபாய்கூட வராது. அதே 200 யூனிட் கட்டுமானத்துக்கான தற்காலிக இணைப்பில் ஓடினால், யூனிட்டுக்கு 12 ரூபாய்க்கு மேல். 2,400 ரூபாயைத் தாண்டிவிடும். அதே கம்பம், அதே ஒயர், அதே ஃபேன்.

கலவை மெஷின் ஓடியபோது அந்த ரேட்டை வாங்கினார்கள், கொடுத்தேன். கேள்வி அதற்குப் பிறகுதான். வீடு முடிந்து, பால் காய்ச்சி, வீட்டு இணைப்பாக மாற்ற ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணமும் கட்டிவிட்டேன். மீட்டர் மாற நான்கு மாதம் ஆனது. "ஸ்டாக் இல்லை சார்." "லைன்மேன் லீவு." "அடுத்த வாரம் வாங்க." நானும் மனைவியும் பில்லுக்குப் பயந்து, சொந்த வீட்டில், ஒரே அறையில் ஒரே ஃபேனுக்கு அடியில் படுத்தோம்.

மத்திய அரசின் மின் நுகர்வோர் உரிமை விதிகள் 2020இல் வந்தன. 2024 திருத்தப்படி, விண்ணப்பம் சரியாக இருந்தால் புதிய இணைப்போ மாற்றமோ மாநகரில் 3 நாள், மற்ற நகராட்சிப் பகுதியில் 7, கிராமத்தில் 15 நாளுக்குள் தர வேண்டும். எங்களூர் கிராமம்தான். கவுன்டரில் இதைச் சொன்னேன். "அதெல்லாம் பேப்பர்ல சார்" என்று சிரித்தார்கள்.

"ஒரு ஆளைப் பிடிங்க சார், முடிஞ்சிடும்" என்றார் எலெக்ட்ரீஷியன். பக்கத்து மனைக்காரர் பிடித்தார். ஆறே நாளில் மீட்டர்! இல்லாத ஸ்டாக் எங்கிருந்து வந்தது? (வாத்தியாருக்குப் பிழைக்கத் தெரியவில்லை என்று கமெண்ட் போடப்போகிறவர்கள் போடலாம்.)

ஆள் பற்றாக்குறை உண்மைதான். என்னிடம் படித்த பையன்களே லைன்மேனாக இருக்கிறார்கள். இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்கிறார். அந்தப் பற்றாக்குறைக்கு நான் ஏன் பத்து மடங்கு கட்டணம் கட்ட வேண்டும்? தாமதம் அவர்களுடையது, பில் மட்டும் என்னுடையதா?

நான் கேட்பது ஒன்றுதான். விதி சொன்ன நாள் முடிந்த மறுநாளிலிருந்து பில் தானாக வீட்டுக் கட்டணத்துக்கு மாறட்டும். மீட்டரை அவர்கள் சௌகரியப்படி மாட்டட்டும். நஷ்டம் அந்தப் பக்கம் போனால் ஸ்டாக் வந்துவிடும்.

விண்ணப்ப ரசீது, இரண்டு பில், எல்லாவற்றையும் ஜெராக்ஸ் எடுத்து மின் நுகர்வோர் குறைதீர் மன்றத்தில் கொடுத்திருக்கிறேன். வீடு கட்டியவர்கள், விண்ணப்பித்த தேதியையும் மீட்டர் வந்த தேதியையும் கமெண்டில் எழுதுங்கள். யாரைப் பிடித்தீர்கள் என்பது வேண்டாம்.