இந்தியன் தாத்தா ஏமாற்றினாரா?

2024 ஜூலையில் 'இந்தியன் 2' வந்தபோது காரியாபட்டி டீக்கடையில் இளவட்டங்கள் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். மூன்று மணி நேரப் படம். சுமார் 12 நிமிடத்தை வெட்டியும் கேலி ஓயவில்லை. படம் சொதப்பல்தான், ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் என் வயதுக்காரர்களும் "1996 மாதிரி வருமா?" என்று பெருமூச்சு விட்டதுதான் பொறுக்கவில்லை. அன்று நாம் என்ன கிழித்தோம்? லஞ்சம் வாங்கிக்கொண்டு பிரேக் சரியில்லாத பஸ்ஸுக்குச் சான்று கொடுத்த சொந்த மகனையே சேனாபதி கொன்றபோது, மதுரைத் தியேட்டரில் கண்ணீரோடு கைதட்டினோம். அடுத்த மாதமே பட்டா மாறுதலுக்குக் கவர் நீட்டினேன். வேறு யாருமில்லை, நானேதான்.

இரண்டாம் படத்தில் அவர் அவரவர் வீட்டிலிருந்தே களையெடுக்கச் சொன்னார். அதற்கும் சேர்த்தா சிரிப்பு?

ஷங்கரைத் திட்டுங்கள், கமலைத் திட்டுங்கள். தாத்தா ஏமாற்றிவிட்டார் என்று மட்டும் சொல்லாதீர்கள், நண்பர்களே. முதல் படத்துக்குக் கைதட்டிய நாம்தான் அவரை ஏமாற்றினோம்.