ஸ்கேனர் ‘ஓகே’ சொன்னது, டயர் வெடித்தது!

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் ஒரு தவறு செய்கிறோம். திரையில் எரர் மெசேஜ் எதுவும் வராவிட்டால், எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நம்பி விடுகிறோம். ஒரு நாள் ஹார்ட் டிஸ்க் நின்று போகும்போதுதான் பேக்கப் எடுக்காதது நினைவுக்கு வருகிறது. கம்ப்யூட்டரில் இந்தத் தவறுக்கு விலை, போட்டோக்களும் கடிதங்களும். காரில் இதே தவறைச் செய்தால் என்ன ஆகும் என்பதை ஒரு மே மாதப் பகலில் நான் தெரிந்து கொண்டேன்.

கம்ப்யூட்டர் பத்திரிகையில் காருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். இன்றைய கார் சக்கரம் வைத்த கம்ப்யூட்டர்தான். இன்ஜினுக்கு ஒன்று, பிரேக்குக்கு ஒன்று, ஏர்பேக்குக்கு ஒன்று என்று பல கம்ப்யூட்டர்கள் அதில் இருக்கின்றன. டேஷ்போர்டுக்கு அடியில் குனிந்து பார்த்தால் 16 பின் கொண்ட சாக்கெட் ஒன்று தெரியும். இதற்கு ஓபிடி-2 என்று பெயர். அமெரிக்காவில் 1996 மாடல் கார்களிலிருந்தும், இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்தும் இந்த ஏற்பாடு கட்டாயமானது. இதில் சிறிய புளூடூத் ஸ்கேனர் ஒன்றைச் செருகி, மொபைலில் ஒரு ஆப் போட்டால், காருக்குள் பதிவாகியிருக்கும் ஃபால்ட் கோடுகளை நாமே படிக்கலாம். பி0300 என்று வந்தால் இன்ஜின் மிஸ்ஃபயர், பி0420 என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டரின் திறன் குறைவு. என்னைப் போன்ற கம்ப்யூட்டர் பைத்தியங்களுக்கு இதைவிட நல்ல விளையாட்டுச் சாமான் கிடையாது.

அன்றைக்கு முந்தைய இரவு, திருச்சியில் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஸ்கேன் செய்தேன். ‘ஃபால்ட் கோட் இல்லை’ என்று பச்சை நிறத்தில் வந்தது. மனைவியிடம் மொபைலைக் காட்டி, “காருக்கு மாஸ்டர் செக்கப் முடிஞ்சுது” என்று பெருமையாகச் சொன்னேன். “டயரை ஒரு தடவை பாத்துடுங்களேன், போன மாசமே சொன்னேன்” என்றார். “அதெல்லாம் கம்ப்யூட்டர் பாத்தாச்சு” என்றேன்.

மறுநாள் சென்னைக்குக் கிளம்பினோம். பெரம்பலூர் தாண்டி, தொழுதூரை நெருங்கும்போது இடது பக்கப் பின் டயர் வெடித்தது. வண்டி இடமும் வலமுமாக ஆடியது. நல்ல வேளை, அருகில் லாரி எதுவும் இல்லை. பிரேக்கை ஓங்கி மிதிக்காமல் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுத்ததால் ஓரம் கட்ட முடிந்தது. அப்போதும் டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. காரின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாம் சரியாகவே இருந்தது!

இத்துடன் முடியவில்லை. ஜாக்கியை எடுத்து, சாலையோர மண்ணில் வைத்து வண்டியைத் தூக்கினேன். கழற்றிய நட்டு ஒன்று உருண்டு வண்டிக்கு அடியில் போனது. அதை எடுக்கக் கையை நீட்டினேன். அங்கே வந்து நின்ற பஞ்சர் கடைத் தம்பி, “சார், கையை எடுங்க!” என்று கத்தினார். எடுத்தேன். அடுத்த நொடியே ஜாக்கி மண்ணில் புதைந்து சாய்ந்தது. வண்டி தடால் என்று இறங்கியது. பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்துக் கொண்டிருந்த பேரனை மனைவி இழுத்து அணைத்துக் கொண்டார். இதை எழுதும்போதும் என் வலது கையை ஒரு முறை பார்த்துக் கொள்கிறேன்.

அந்தத் தம்பி ஒரு பலகையை அடியில் கொடுத்து வண்டியைத் தூக்கினார். ஸ்டெப்னியை அழுத்திப் பார்த்தார். அதிலும் காற்று இல்லை. பிறகு வெடித்த டயரைப் புரட்டி, பக்கவாட்டில் இருந்த நான்கு எண்களைக் காட்டினார். “சார், இது பொறந்து எட்டு வருஷம் ஆச்சு. பாக்கலையா?”

பார்க்கவில்லை. எந்த ஆப்பும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

சென்சார் இல்லாத இடத்தில் நம் கண்தான் சென்சார்

என் கருத்து இதுதான்: காரின் கம்ப்யூட்டர், சென்சார் வைத்த இடத்தை மட்டுமே பார்க்கும். மற்ற இடங்களை நாம்தான் பார்க்க வேண்டும். நம் உயிர் சம்பந்தப்பட்ட பல விஷயங்கள் அந்த ‘மற்ற இடங்களில்’தான் இருக்கின்றன.

“என் காரில் டயர் பிரஷர் மானிட்டர் இருக்கிறதே” என்று சிலர் கேட்பீர்கள். நல்லதுதான். ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்து கொள்ளுங்கள். சில கார்களில் ஒவ்வொரு வீலுக்குள்ளும் தனி சென்சார் இருக்கும். வேறு சில கார்களில் ஏபிஎஸ் பிரேக்குக்கான சென்சார்களை வைத்தே, எந்த வீல் மற்றவற்றைவிட வேகமாகச் சுற்றுகிறது என்று ஒப்பிட்டுக் கண்டுபிடிப்பார்கள். காற்று குறைந்த டயர் சற்றுச் சிறுத்துப் போவதால் கூடுதலாகச் சுற்றும். நான்கு டயரிலும் ஒரே அளவில் காற்று இறங்கியிருந்தால்? ஒப்பிட வித்தியாசமே இல்லை. எளிய வகை மானிட்டர்கள் பேசாமல் இருந்து விடும். காற்று குறைவாக இருக்கும்போது ரீசெட் பட்டனை அழுத்தி விட்டால், அந்தக் குறைந்த அளவையே சரியானது என்று எடுத்துக் கொள்ளும். தனி சென்சார் இருந்தாலும், அமெரிக்க விதி கேட்பது 25 சதவீதம் குறையும்போது எச்சரிக்கை வர வேண்டும் என்பதுதான். அதாவது 32 பிஎஸ்ஐ இருக்க வேண்டிய டயர் 24-க்கு இறங்கிய பிறகு! காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகும். மே மாத வெயிலில், வேகமாக, ஆள் நிறைய ஏற்றிக் கொண்டு போனால் அந்தச் சூடுதான் டயரை வெடிக்க வைக்கிறது. டயரின் வயதோ எந்த மானிட்டருக்கும் தெரியாது.

ஆயில் கேன் படம் போட்ட சிவப்பு விளக்கை எடுத்துக் கொள்ளுங்கள். ஆயில் குறைந்தால் அது எரியும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது ஆயிலின் அளவைக் காட்டும் விளக்கு அல்ல. ஆயில் அழுத்தம் விழுந்து விட்டது என்று சொல்லும் விளக்கு. ஓடும்போது அது எரிந்தால் உடனே ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தாக வேண்டும். வீடு வரை ஓட்டிப் பார்க்கலாம் என்றால் இன்ஜினையே மாற்ற வேண்டி வரலாம்.

ஞாயிறு காலை பத்து நிமிடம்

இப்போது எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். ஞாயிறு காலை, வண்டியை எடுப்பதற்கு முன், பேரனும் நானும் காரைச் சுற்றி வருவோம். நீங்களும் செய்யலாம். இதற்கு மெக்கானிக் வேண்டாம்.

1. டயர் ஆறியிருக்கும்போது கேஜ் வைத்துக் காற்றைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் டிரைவர் கதவை ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். ஸ்டெப்னியை மறக்காதீர்கள்.

2. டயரின் பக்கவாட்டில் நான்கு எண்கள் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. சில டயர்களில் இது உட்புறம் இருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். பல கார் தயாரிப்பாளர்கள் ஆறு ஆண்டுகளில் மாற்றச் சொல்கிறார்கள்.

3. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜின் ஆயில் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். ஆயில் இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்க வேண்டும்.

4. கூலன்ட், பிரேக் ஆயில் டப்பாக்களை வெளியிலிருந்தே பார்க்கலாம். பிரேக் ஆயில் குறைந்திருந்தால் ஊற்றி நிரப்பி விட்டு மறந்து விடாதீர்கள். பேட் தேய்ந்திருக்கலாம், எங்காவது கசியலாம். மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

5. முன், பின், பிரேக் விளக்குகள் எரிகின்றனவா? தரையில் கறை இருக்கிறதா? மழைக்காலமானால் பானெட்டைத் திறந்து, எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

செய்யக் கூடாதவை மூன்று. இன்ஜின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் திரவம், திறந்த நொடியில் ஆவியாகிப் பீறிட்டு முகத்தைப் பொசுக்கி விடும். வண்டியோடு வரும் ஜாக்கி வீல் மாற்ற மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. வீல் மாற்றும்போது ஹேண்ட் பிரேக் போட்டு, மூலைவிட்டத்தில் எதிரே இருக்கும் வீலுக்குக் கல் கொடுத்து, கெட்டியான தரையில்தான் தூக்க வேண்டும். நட்டுகளைத் தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்துங்கள். கதவு மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓட விடாதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொல்லும்.

கம்ப்யூட்டரை ஏமாற்றாதீர்கள்

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. சரியாக எச்சரிக்கும் கம்ப்யூட்டரின் வாயை நாமே அடைக்கிறோம். சீட் பெல்ட் போடாவிட்டால் பீப் ஒலி வரும். அதை நிறுத்த பக்கிளில் செருகும் போலி கிளிப்புகள் ஆன்லைனில் விற்றன. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, ஐந்து பெரிய ஆன்லைன் கடைகளை அவற்றை நீக்கச் சொன்னது. ஏர்பேக் இருக்கிறதே என்பார்கள். ஏர்பேக் சீட் பெல்ட்டுக்குத் துணை; மாற்று அல்ல. எஸ்ஆர்எஸ் என்ற பெயரில் முதல் எஸ் அதைத்தான் சொல்கிறது. கண் இமைக்கும் நேரத்துக்குள் விரியும் அந்தப் பையின் மூடி மேல் நாங்களும் ஒரு பிள்ளையாரை ஒட்டி வைத்திருந்தோம். விரிந்தால் அவர் கல் போல் முகத்துக்குப் பறந்து வருவார் என்பது பிறகுதான் உறைத்தது. இப்போது அவரை மூடி இல்லாத இடத்துக்கு மாற்றி விட்டோம்.

கார் விற்பவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் காரை டெலிவரி கொடுத்த அன்று, என் மொபைலைத் தொடுதிரையுடன் இணைத்துப் பாட்டுப் போட்டுக் காட்ட அரை மணி நேரம் செலவிட்டார்கள். ஜாக்கி எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று ஒரு நிமிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். ஒரு வீலைக் கழற்றி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். லட்சக்கணக்கில் கொடுக்கும் உங்களுக்கு அந்த உரிமை உண்டு.

ஸ்கேனரை நான் தூக்கி எறியவில்லை. இன்ஜின் செக் விளக்கு எரியும்போது இன்றும் அதுதான் எனக்கு முதல் உதவி. ஆனால் ஸ்கேனர் வாங்க ஆசைப்படும் வாசகர்களுக்கு ஒன்று சொல்வேன்: முதலில் ஒரு டயர் கேஜ் வாங்குங்கள். ஸ்கேனரைவிட விலை குறைவு, ஆப் தேவையில்லை, அப்டேட் கேட்காது. கம்ப்யூட்டர் ‘ஓகே’ சொன்ன பிறகும் ஒரு முறை இறங்கிச் சுற்றி வாருங்கள். எங்கள் வீட்டில் இப்போது அந்த கேஜ் என் மனைவியின் கையில். அவர் தலையசைத்த பிறகுதான் வண்டி கிளம்பும்!