வயசாச்சு தம்பி, வேறென்ன?

புகைமூட்டம் என்றதும் நம் விரல்கள் தாமாகவே கைப்பேசியில் காற்றுத்தரக் குறியீட்டைத் தேடும். 2013 ஜூன் 21 நண்பகலில் மூன்று மணி நேரக் குறியீடு 401ஐத் தொட்டதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். 1997இன் உச்சமே 226தான். 2015 செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிகளை மூடினார்கள். 2023 அக்டோபரில் எங்கள் கிழக்குப் பகுதியில் குறியீடு 100ஐத் தாண்டியபோது, தெம்பனிஸில் எங்கள் புளோக் வாட்ஸ்அப் குழுவில் வேறு பேச்சே இல்லை.

மழை பெய்து புகை கலைந்தால் மூச்சைப் பற்றிய பேச்சும் கலைந்துவிடும். எனக்கு அதில்தான் வருத்தம். நுரையீரலைக் கெடுப்பவற்றில் பல, வானம் நீலமாக இருக்கும் நாளிலும் வேலை செய்கின்றன.

எங்கள் புளோக்கில் ஓர் அண்ணன் இருக்கிறார். அறுபதைத் தாண்டியவர். சந்தையிலிருந்து காய்கறிப் பையோடு வரும்போது வழியில் இரண்டு இடத்தில் நிற்பார், கைப்பேசியைப் பார்ப்பதுபோல. "என்னண்ணே?" என்றால், "வயசாச்சு தம்பி, வேறென்ன?" என்பார். காலையில் இருமல் உண்டு. சிகரெட்டை விட்டுப் பல வருடம் ஆகியும் இருமல் அவரை விடவில்லை. மகள் பிடிவாதமாகப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப்போன பிறகுதான் அது வெறும் வயது அல்ல, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று தெரிந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2021இல் இந்நோயால் இறந்தவர்கள் 35 லட்சம் பேர். மரணத்துக்கான காரணங்களில் உலக அளவில் நான்காவது இடம். ஆனாலும் நீரிழிவு தெரிந்த அளவுக்கு நம் வீடுகளில் இதன் பெயர் தெரியாது.

கண்டுபிடிக்கும் சோதனையில் ஊசி கிடையாது. மூச்சை முழுக்க இழுத்து, ஒரு குழாயில் பலங்கொண்ட மட்டும் ஊத வேண்டும். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும், முதல் நொடியில் வெளிவரும் காற்று மொத்தக் காற்றில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், அடைப்பு இருக்கிறது என்று பொருள். இழந்ததை மீட்க முடியாது. ஆனால் புகையை நிறுத்தி, மருந்தையும் மூச்சுப் பயிற்சியையும் ஒழுங்காகத் தொடர்ந்தால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். இது ஆண்களின் நோய், சிகரெட் பிடித்தவர்களின் நோய் என்றும் நினைத்துவிட வேண்டாம். ஊரில் விறகடுப்பு ஊதி வளர்ந்த நம் பாட்டிமார்களுக்கும் வரும்.

ஒவ்வாமை வேறு கதை. காலையில் எழுந்ததும் பத்துத் தும்மல், மூக்கில் நீர், கண்ணில் அரிப்பு. இதைச் "சளி உடம்பு" என்று சொல்லித் தயிரையும் வாழைப்பழத்தையும் நிறுத்துவோம். சிங்கப்பூரில் முதன்மைக் குற்றவாளி சாப்பாட்டுத் தட்டில் இல்லை, மெத்தையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிகள் நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழ்பவை. தண்ணீர் குடிப்பதில்லை, காற்றின் ஈரத்தையே உறிஞ்சிக்கொள்ளும். ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இந்தத் தீவு அவற்றுக்குச் சொர்க்கம். குழாய்த் தண்ணீரில் துவைத்தால் அவை சாகா. விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒருமுறை 60 டிகிரி சூட்டில் துவைக்க வேண்டும்.

இன்ஹேலர் விஷயத்தில் நம்மவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. "பழகிவிடும்" என்று பயப்படுவார்கள். பெண் பார்க்க வருகிறார்கள் என்றால் அதை அலமாரிக்குள் ஒளித்துவைக்கும் வீடுகளையும் அறிவேன். இழுப்பு வந்தால் மட்டும் நீல இன்ஹேலரை அடித்துவிட்டு, தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்தை மறந்துவிடுவார்கள். நீல மருந்து குழாயை அந்த நேரத்துக்கு விரிக்கும், உள்ளே இருக்கும் அழற்சியைத் தணிக்காது. அதை மட்டுமே நம்பியிருப்பது ஆபத்து என்று 2019இலேயே உலக ஆஸ்துமா வழிகாட்டிக் குறிப்புகள் மாற்றி எழுதப்பட்டன. மாதத்துக்கு ஒரு நீல இன்ஹேலர் தீர்ந்துபோனால், கெட்டிக்காரத்தனமாக இரண்டு வாங்கி வைக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

கடைசியாக, கொஞ்சம் தயக்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட சிங்கப்பூர்ச் சீனர்களைப் பல ஆண்டுகள் கவனித்து 2008இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நெடுங்காலமாக ஊதுபத்தி ஏற்றிவந்தவர்களிடம் மேல் மூச்சுப்பாதைப் புற்றுநோய் கூடுதலாக இருந்ததைக் காட்டியது. நம் பூசை அறைப் புகையும் புகைதான். அதற்காகச் சாமி கும்பிடாமல் இருக்கச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டிலும் சாம்பிராணி உண்டு. ஐந்து பத்தி இருந்த இடத்தில் ஒன்று, சன்னல் திறந்திருக்கும், இழுப்பு உள்ள மகனின் அறை மூடியிருக்கும். அம்மா முதலில் முணுமுணுத்தார். இப்போது நான் மறந்தாலும் அவரே போய்க் கதவைச் சாத்திவிட்டு வருகிறார்.