இரத்த அழுத்தம் குறைந்தால் உடனே திரவம் ஏற்ற வேண்டுமா? வென்டிலேட்டர் அமைப்பும் திரவத் தேவையின் கணிப்பும்

பெரிய அறுவைச் சிகிச்சையின்போது ஒருவரின் இரத்த அழுத்தம் குறைந்ததாக அறிந்தால், "ஏன் உடனே குளுக்கோஸ் ஏற்றவில்லை?" என்று உறவினர்கள் கேட்பது இயல்பு. செங்கல்பட்டு நகரத்தாரும் மாமல்லபுரம் கடலோர ஊரினரும் ஒருங்கே கேட்கும் கேள்வி இது.

திரவம் எல்லோருக்கும் பயன்படுமா?
இல்லை. இரத்த ஓட்டம் குன்றியவர்களுள் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே திரவத்தால் இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவு கூடுகிறது. மற்றவர்களுக்கு அது நுரையீரலில் தேங்கி மூச்சுத்திணறலை உண்டாக்கலாம்.

எவ்வாறு கணிக்கிறோம்?
வென்டிலேட்டர் காற்றைச் செலுத்தும்போது, இதயத்திற்குத் திரும்பும் இரத்தம் சற்றுக் குறைகிறது. திரவம் போதாத உடலில், மேல் அழுத்தத்திற்கும் கீழ் அழுத்தத்திற்கும் உள்ள இடைவெளி மூச்சுக்கு மூச்சு மிகுதியாக மாறும். இம்மாறுபாடு சுமார் 13 விழுக்காட்டைக் கடந்தால் திரவம் பயன்தரும் வாய்ப்பு அதிகம்.

வென்டிலேட்டர் அமைப்பு ஏன் முக்கியம்?
ஒரு மூச்சின் அளவு கிலோவுக்குக் குறைந்தது 8 மி.லி. இருந்தால்தான் இக்கணிப்பை நம்பலாம். இங்குக் கிலோ என்பது உயரத்தையும் பாலினத்தையும் கொண்டு கணக்கிடும் எடை. ஆகவேதான் நோயாளியின் உயரத்தை அளக்கிறோம்.

2000-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், கடும் நுரையீரல் பாதிப்புற்று 12 மி.லி. மூச்சு பெற்றோரில் 39.8 விழுக்காட்டினரும், 6 மி.லி. பெற்றோரில் 31 விழுக்காட்டினரும் இறந்தனர். அதன்பின் சிறிய மூச்சே பாதுகாப்பானது என்னும் கருத்து அறுவை அரங்கிலும் பரவியது. ஆனால் சிறிய மூச்சு இதயத்திற்குத் திரும்பும் இரத்தத்தைப் போதிய அளவு மாற்றுவதில்லை. எனவே, திரவம் தேவைப்படுபவரிடமும் மாறுபாடு குறைவாகத் தோன்றலாம்.

இதற்கு ஒரு வழியை மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தீவிர சிகிச்சை மருத்துவர்கள் 2017-இல் வெளியிட்டனர். மூச்சின் அளவை ஒரு நிமிடம் மட்டும் 6-இலிருந்து 8 மி.லி. ஆக உயர்த்துவர், மாறுபாடு 3.5 புள்ளியோ அதற்கு மேலோ கூடினால் திரவம் பயன்தரும் எனக் கொள்வர். பின்னர் அறுவை அரங்குகளிலும் இம்முறை ஆராயப்பட்டது.

எப்போது இது பொருந்தாது?
இதயத்துடிப்பு சீரற்றிருந்தாலோ, நோயாளி தாமாக மூச்சு விட்டாலோ, மார்பு திறக்கப்பட்டிருந்தாலோ இக்கணிப்பு பிழைபடும். அப்போது இதய எக்கோ போன்ற பிற சோதனைகள் உதவும்.

நீங்கள் செய்ய வேண்டியவை
இதய, சிறுநீரக நோய்களையும் உட்கொள்ளும் மருந்துகளையும் மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவியுங்கள். கடும் இரத்தப்போக்கு இருப்பின் திரவமும் இரத்தமும் தாமதமின்றி அளிக்கப்படும். பிற நேரங்களில் மருத்துவர் சோதனைக்கென எடுத்துக்கொள்ளும் அந்த ஒரு நிமிடம் அலட்சியம் அன்று. அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.