கிண்டிக்குப் போகச் சொல்லவா?



செங்கல்பட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கணவருக்குக் கிண்டியில் புது வேலை கிடைத்திருக்கிறது. இப்போது மறைமலை நகரில் பார்க்கும் வேலையைவிட மாதம் 20,000 ரூபாய் அதிகம். சொந்த வீடு, கூடவே இருக்கும் மாமியார், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், உள்ளூர்ப் பள்ளியில் தனக்கு ஆசிரியை வேலை என்று எல்லாம் செங்கல்பட்டிலேயே இருக்க, சென்னைக்குக் குடிபோவது நடக்காத காரியம். "தினமும் காரிலேயே போய் வந்துவிடுகிறேன்" என்கிறாராம் கணவர். "போகச் சொல்லவா, வேண்டாம் என்று தடுக்கவா?" என்று கேட்கிறார் வாசகி.

இன்னொரு வீட்டு முடிவில் தலையிடுவது நாகரிகமில்லைதான். ஆனால் காஞ்சிபுரத்திலும் பொள்ளாச்சியிலும் திருமங்கலத்திலும் இதே கேள்வியோடு இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் இந்த மாதம் இந்தப் பக்கத்தை அவருக்கே கொடுத்துவிடுகிறேன்.

முதலில் காசுக் கணக்கு. ஒரு வழிக்கு 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 90. நெரிசலில் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் காருக்கு ஒரு நாளைக்கு ஆறு லிட்டர் பெட்ரோல் வேண்டும். லிட்டர் நூறு ரூபாய் என்றால் நாளைக்கு 600, மாதத்தில் 22 வேலை நாளைக்கு 13,200 ரூபாய். வழியிலிருக்கும் பரனூர் சுங்கச்சாவடி பெரிய சுமையில்லை. சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருப்பவர்களின் சொந்தக் காருக்குக் குறைந்த கட்டணத்தில் மாதப் பாஸ் உண்டு. கொஞ்சம் தள்ளி இருப்பவர்கள் 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய்க்கு அறிமுகமான ஃபாஸ்டேக் வருடாந்திரப் பாஸை நினைக்கலாம். ஆனால் அது ஓராண்டு அல்லது 200 முறை, எது முதலில் முடிகிறதோ அதுவரைதான். மாதம் 44 முறை கடப்பவருக்கு அந்த வருடாந்திரப் பாஸ் ஐந்து மாதத்துக்குள் தீர்ந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு இனிமேல்தான். இந்தக் கார் ஆண்டுக்கு 23,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். சர்வீஸ் அடிக்கடி வரும், டயர் இரண்டே ஆண்டில் மாற்ற வேண்டியிருக்கும், நின்று நின்று போகும் சாலையில் கிளட்ச் சீக்கிரம் தேயும், விற்கும்போது விலை இறங்கும். கூடிய சம்பளத்தில் வருமான வரியும் ஒரு பங்கு கேட்கும். எல்லாம் போக 20,000 ரூபாயில் 3,000 மிஞ்சினால் அதிகம்.

ஒரு காலத்தில் அரசாங்கமும் இந்தச் செலவைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. போக்குவரத்துப் படியில் மாதம் 1,600 ரூபாய் வரை வரி கிடையாது என்று 2015இல் உயர்த்தினார்கள். 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டு, சம்பளக்காரர்கள் எல்லோருக்கும் பொதுவான நிலையான வரிக் கழிவில் சேர்த்துவிட்டார்கள். அந்த 1,600 ரூபாய் இன்று நம் வாசகியின் கணவருக்கு மூன்று நாள் பெட்ரோலுக்குக்கூடப் போதாது.

அடுத்தது நேரம். காலையில் ஒன்றரை மணி, மாலையில் ஒன்றரை மணி. மாதத்துக்கு 66 மணி நேரம். எட்டு மணி நேர வேலை நாளாக மாற்றினால் எட்டு நாளுக்கு மேல். மிச்சமாகும் 3,000 ரூபாயை 66ஆல் வகுத்துப் பாருங்கள்: மணிக்குச் சுமார் 45 ரூபாய். அந்தச் சம்பளத்துக்குச் சென்னையில் கார் ஓட்ட ஒரு டிரைவரும் கிடைக்கமாட்டார்.

அப்படியிருந்தும் நாம் ஏன் சரி என்று தலையாட்டுகிறோம்? சம்பளம் ஒரே எண், பளிச்சென்று தெரிகிறது. பயணமோ தினமும் சிறுகச் சிறுகக் கழிகிறது. புருனோ ஃப்ரை, அலோயிஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தகவல்களை வைத்து இதை ஆராய்ந்தார்கள். தூரம் போய் வருபவருக்கு நல்ல சம்பளமோ நல்ல வீடோ கிடைத்து, கஷ்டம் ஈடாகிவிடும் என்பதுதான் பொருளாதாரப் பாடம். ஆனால் பயண நேரம் கூடக்கூட, வாழ்க்கையில் திருப்தி குறைவதைத்தான் அவர்கள் கண்டார்கள். அமெரிக்காவில் உளவியல் அறிஞர் டேனியல் கானமன் குழுவினர் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தின நாளை ஒவ்வொரு பகுதியாக நினைவுகூரச் சொன்னார்கள். 2004இல் வெளிவந்த அந்த ஆய்வில் மனநிலை மிகவும் கீழே இருந்த வேளை, காலையில் வேலைக்குப் போகும் பயணம்.

கூடிய சம்பளம் மூன்று மாதத்தில் பழகிவிடும். நெரிசல் பழகாது, ஏனென்றால் அது ஒரு நாள்போல் மறுநாள் இருப்பதில்லை. அவர் போக வேண்டிய ஜி.எஸ்.டி. சாலையில் திங்கட்கிழமை காலை என்றால் தென் மாவட்டங்களிலிருந்து திரும்பும் ஆம்னி பஸ்களும் கார்களும் பரனூரில் தொடங்கிப் பெருங்களத்தூர் வரை நிற்கும். செவ்வாய்க்கிழமை ஒரு லாரி பழுதாகி நிற்கும். நவம்பரில் மழை. ஒன்றரை மணி என்பது நல்ல நாள் கணக்கு. முடிவெடுக்க உதவுவது மோசமான நாள் கணக்குதான்.

அதனால் அந்த வாசகிக்கு ஒரு யோசனை. வேலையை ஒப்புக்கொள்ளும் முன் கணவர் ஒரு முறை ஓட்டிப் பார்க்கட்டும். மனை விற்பவர்கள் நம்மை ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் இடம் பார்க்க அழைத்துப் போவார்கள். அன்று எல்லா ஊரும் தாம்பரத்துக்கு மிக அருகில்தான். நீங்கள் திங்கட்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். காலையில் போனால் மட்டும் போதாது, மாலை ஆறு மணிக்குக் கிண்டியிலிருந்து திரும்பியும் வாருங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். செங்கல்பட்டுக்காரருக்கு மின்சார ரயில் இருக்கிறது, அதே தடத்தில் கிண்டி நிலையமும் இருக்கிறது. சீசன் டிக்கெட் மாதத்துக்குச் சில நூறு ரூபாய்தான். கூட்டம் உண்டு, மறுக்கவில்லை. 2025 ஏப்ரல் முதல் ஏ.சி. மின்சார ரயிலும் ஓடுகிறது, கட்டணம் அதிகம் என்றாலும் காருக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. ரயிலில் உட்கார இடம் கிடைத்தால் தூங்கலாம், படிக்கலாம், வீட்டுக்கு நிதானமாகப் பேசலாம். பூக்கட்டிக்கொண்டும் கீரை ஆய்ந்துகொண்டும் வரும் பெண்களை அந்தத் தடத்தில் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். ஸ்டியரிங் பிடித்தவருக்கு அந்த மூன்று மணி நேரமும் எதற்கும் ஆகாது. கையும் கண்ணும் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி. களைத்துப்போய் இரவில் ஓட்டும் ஆபத்து வேறு.

கடிதத்தை மறுபடி படித்தபோது ஒன்று உறுத்தியது. கணவரின் களைப்பு, மகளின் படிப்பு, மாமியாரின் மாத்திரை எல்லாம் அதில் இருக்கின்றன. எழுதியவரின் நேரம் பற்றி ஒரு வரி இல்லை. ஆறரைக்குக் கார் கிளம்ப வேண்டுமானால் ஐந்து மணிக்கு அடுப்பு எரிய வேண்டும். கணவர் எட்டரைக்கு வீடு திரும்பினால், மாமியாரை டாக்டரிடம் காட்டுவதும் மகளின் கணக்குப் பாடமும் தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும் யார் தலையில் விழும்? பள்ளியில் நாள் முழுக்க நின்று பாடம் எடுத்துவிட்டு வருபவர் தலையில்தான். ஓட்டுபவர் ஒருவர்; அந்தப் பயணத்துக்கு விலை கொடுப்பவர்கள் நான்கு பேர். முடிவும் நான்கு பேரிடம் கேட்டு எடுக்க வேண்டியது.

நீண்ட பயணமே கூடாது என்று நான் சொல்லவில்லை. மனைவியின் வேலை, வயதான தாய், மகளின் பள்ளி என்று வேரூன்றிய குடும்பத்தைப் பிடுங்கி நடுவதைவிட ஒருவர் போய் வருவது மேல் என்று நினைப்பதில் நியாயம் இருக்கிறது. தொழிலில் அடுத்த படிக்கு ஏற்றிவிடும் வேலை என்றால் இரண்டு ஆண்டு சிரமப்படலாம். ஆனால் அப்படிப் போகிறவர்களில் பலர் கெடு வைப்பதில்லை. 'கொஞ்ச நாளைக்கு' என்று தொடங்கிய பயணம் பத்து ஆண்டு ஓடிவிடும். இடையில் மகள் வளர்ந்துவிடுவாள்.

எனவே சகோதரிக்கு என் பதில் இதுதான். தினமும் காரில், கெடு இல்லாமல், இந்த 20,000 ரூபாய்க்காக மட்டும் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை என்பதைச் சேரும் முன்பே எழுத்தில் வாங்க முடிந்தால், மற்ற நாட்களில் ரயிலில் போய்க் காரை அவசரத்துக்கு மட்டும் எடுப்பதாக இருந்தால், மகள் பிளஸ் டூ முடித்ததும் உட்கார்ந்து மறுபடி பேசுவோம் என்று நாள் குறிக்க முடிந்தால், தாராளமாகப் போகச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடும் முன், உங்கள் காலை ஐந்து மணியையும் அந்தக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்